எம். சி. ராஜா

எம். சி. ராஜா (மயிலை சின்னத்தம்பி ராஜா, ஜூன் 17, 1883 – ஆகஸ்ட் 1943) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஆசிரியரும் சட்டமன்ற உறுப்பினரும் ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னோடித் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்களைப் பதிவு செய்யக் காரணமாக இருந்தவர் இவர். பள்ளிக் கட்டணச் சலுகை, உதவித்தொகை, விடுதி இடம் ஆகியவற்றை யார் பெறலாம் என்பதைப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல் தீர்மானிக்கும் நிலையில், அச்சொல்லை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைச் சட்டமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் என்ற வகையில் இவரது வாழ்க்கை இன்றும் படிக்கத்தக்கதாக உள்ளது.

பிறப்பும் கல்வியும்

ராஜா சென்னையை அடுத்த பரங்கிமலையில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். இவரது தந்தையார் மயிலை சின்னத்தம்பி பிள்ளை லாரன்சு அசைலம் நிறுவனத்தில் மேலாளராகப் பணிபுரிந்தார். இந்நிறுவனம் 1858 ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் ஐரோப்பியப் போர்வீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதாகும். பிறப்பை அடிப்படையாகக் கொண்டு ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்த அமைப்பு ஒன்றில் தந்தையார் ஊதியம் பெற்றார் என்பது தற்செயலே. எனினும் மகனின் பிற்காலப் பணியை நோக்கும்போது இது நினைவில் கொள்ளத்தக்கது.

இராயப்பேட்டை வெசுலியன் மிசன் உயர்நிலைப் பள்ளியிலும் வெசுலி கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற இவர், ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். 1916 ஆம் ஆண்டு ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளர் ஆனார்.

பின்னணி: பெயர்களும் பள்ளிக்கூடங்களும்

ராஜா பொதுவாழ்விற்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, ஒடுக்கப்பட்ட மக்களை எப்பெயரால் அழைப்பது என்பது சிக்கலாகிவிட்டிருந்தது. கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் மொழிக்குடும்பத்தைக் குறித்த நூலே. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர்களும் இனவியல் ஆய்வாளர்களும் திராவிடர் என்ற சொல்லை விரைவிலேயே ஓர் இனத்தின் பெயராகக் கையாளத் தொடங்கினர். அதே சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களும் எடுத்துக்கொண்டனர். இம்மண்ணின் முதற்குடிகள் தாங்களே என்னும் உரிமைக் குரல் அதில் அடங்கியிருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) பறையர் என்ற பெயரைப் பிறர் சூட்டிய இழிபெயராகக் கருதி, சாதிபேதமற்ற திராவிடர் என்றும் தமிழர் என்றும் பதியுமாறு வேண்டினார். இரட்டைமலை சீனிவாசன் இதற்கு நேர்மாறான வழியைப் பின்பற்றினார். இழிவு பெயரில் இல்லை, பெயரை மறைப்பதிலேயே உள்ளது என்று கருதிய அவர், 1893 இல் பறையன் என்னும் பெயரிலேயே இதழ் நடத்தினார். ராஜாவிற்கு முன் இவ்விரு வழிகளும் இருந்தன. அவர் முதல் வழியைத் தேர்ந்தார். ஆயினும் அதை அவர் கையாண்ட முறை அயோத்திதாசரின் முறையினின்று வேறுபட்டது. அயோத்திதாசர் புதிய பெயரின் மூலம் சாதிக் கணக்கிலிருந்தே வெளியேற விரும்பினார். ராஜாவோ கணக்கிற்குள் இருந்துகொண்டே பெயரை மட்டும் மாற்ற விரும்பினார். கணக்கிலிருந்து வெளியேறினால் கணக்கை வைத்து வழங்கப்படும் உதவியும் கைநழுவிப் போகும் என்பது ஆசிரியரான அவருக்குத் தெரிந்திருந்தது.

அவ்வுதவி என்ன என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1893 பிப்ரவரியில் சென்னை அரசு பிறப்பித்த கல்வித் துறை அரசாணை 68, பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று வழங்கப்பட்டது. பஞ்சமர் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகள், அப்பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், பஞ்சமர் ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் ஆகியவை இதன் வழி கிடைத்தன. 1894 இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளுள் முதலாவதைத் தொடங்கினார். மறுபுறம் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கான பள்ளிகள் தனி விதித்தொகுப்பின்கீழ் இயங்கின. ஆக, மாகாணத்தின் பள்ளிக் கல்வி ஏற்கெனவே இனமும் சாதியும் குறிக்கும் பெயர்களால் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு மாணவன் எந்தப் பெயரின்கீழ் வருகிறான் என்பதைப் பொறுத்தே அவனுக்காகப் பள்ளிக்குக் கிடைக்கும் மானியம் அமைந்தது.

பொதுப் பள்ளிகளின் நிலையோ வேறு. 1919 ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றின்படி, மாகாணத்தில் பொது நிருவாகத்தின்கீழ் இருந்த 8,157 பள்ளிகளுள் 609 பள்ளிகளே பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. இவை அனைவரின் வரிப்பணத்தாலும் நடத்தப்பட்ட பள்ளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பல பள்ளிகள் அக்கிரகாரங்களிலும் கோவில் சத்திரங்களிலும் நடைபெற்றதால், சேரியிலிருந்து வரும் பிள்ளை பள்ளித் திண்ணையை அடைவதற்கு முன்னரே தெருவில் தடுத்து நிறுத்தப்பட்டது. இதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களைத் தனிப் பள்ளியில் வைப்பது சட்டத்தின் கட்டளையாக இருந்தது. சென்னை மாகாணத்தில் அப்படிப்பட்ட சட்டம் ஏதுமில்லை. பள்ளிகள் சட்டப்படி எல்லோருக்கும் உரியவை. எனவே இங்கு நீக்குவதற்குச் சட்டம் இல்லை. வழக்கத்தை எதிர்த்தே போராட வேண்டியிருந்தது.

சட்டமன்றத்தில்

1919 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோருக்குத் தேர்தல் தொகுதிகள் ஒதுக்கப்படவில்லை. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலர், மாதிகர், சக்கிலியர், தொட்டியர், செருமர், ஹொலெயர் எனத் தேர்தல் விதிகளில் ஒன்பது சமூகங்களின் பெயர்கள் அடுக்கப்பட்டு, அவை அனைத்திற்கும் சேர்த்து ஐந்து உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கலாம் என்று கூறப்பட்டிருந்தது. இவ்வாறு சட்டமன்றத்திற்கு வந்த ராஜா, நீதிக்கட்சியைச் சார்ந்து செயற்பட்டார். அக்கட்சியின் தாய் அமைப்பான தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர்களுள் அவரும் ஒருவர்.

இவ்வுறவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1921 இல் நீதிக்கட்சி அரசு வெளியிட்ட முதலாவது வகுப்புவாரி அரசாணை, அரசுப் பணிகளைப் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், முகமதியர், இந்தியக் கிறித்தவர், ஐரோப்பியர் மற்றும் ஆங்கிலோ-இந்தியர் என்று பிரித்து நோக்கியது. ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிப் பிரிவு வகுக்கப்படவில்லை. பிராமணரல்லாதார் என்ற பெரும் பெயருக்குள் தம் மக்கள் கரைந்துவிட்டதை ராஜா எதிர்த்தார். அதே ஆண்டில் சென்னை பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் வேலைநிறுத்தத்தில் சேராத ஆதிதிராவிடர்களைக் குறைகூறியதுடன், அவர்களுக்குச் சலுகை காட்டுவதாகத் தொழிலாளர் துறையையும் சாடினர். இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் பின்னர் ராஜா கட்சியிலிருந்து விலகிச் சென்றார். 1923 இல் முறிவு முழுமையடைந்தது.

ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இடம் 1928 ஆம் ஆண்டளவில்தான் கிடைத்தது. முத்தையா முதலியார் நடைமுறைப்படுத்திய வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு பணியிடங்களுக்கு ஓரிடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

1922 ஆம் ஆண்டின் பெயர் மாற்றம்

ராஜாவின் பணிகளுள் பெரிதும் அறியப்பட்டது இதுவே. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் வழங்க வேண்டும் என்ற தீர்மானம் இவரது முயற்சியால் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1922 மார்ச்சில் அரசு இதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் இவருக்கு ராவ் பகதூர் பட்டமும் வழங்கப்பட்டது.

இம்மாற்றம் வெறும் மரியாதை சார்ந்தது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து முழுமையானதன்று. பஞ்சமர் என்பது நால்வருணத்திற்குப் புறத்தே நின்ற ஐந்தாமவர் என்னும் பொருளுடையது; அது அறநூல்களின் பார்வையிலிருந்து வந்த சொல். ஆதிதிராவிடர் என்பதோ மண்ணின் மூத்த குடி என்னும் பொருளுடையது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே இவ்விரண்டில் எச்சொல் எழுதப்படுகிறது என்பதை ஒரு பிள்ளை நன்றாகவே உணரும். உதவி பெற வேண்டுமானால் இழிபெயரை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலையைத் தீர்மானம் மாற்றியது.

ஆயினும் புதிய பெயர் சில குழப்பங்களையும் கொண்டுவந்தது. பறையருக்கு மட்டும் உரியதா, பள்ளர், சக்கிலியர் ஆகியோருக்கும் உரியதா என்பதில் தெளிவு ஏற்படவில்லை. பழைய சாதிப் பெயர்கள் வழக்கிலிருந்து மறையாமையால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமூகத்தினர் சிலர் புதிய பெயரையும் சிலர் பழைய பெயரையும் கூறினர். இதனால் 1921, 1931 ஆம் ஆண்டுகளின் கணக்குகளை ஒப்பிடுவது கடினமாயிற்று. திராவிடர் என்ற இனப்பெயரின் முன்னால் ஆதி என்ற அடைமொழியைச் சேர்த்து ஒரு சாதித்தொகுதிக்குச் சூட்டியதால், ஆதி இல்லாத திராவிடர் யார் என்ற கேள்வியும் பின்னாளில் அரசியல் வழக்கில் எழுந்தது.

தொழிலாளர் துறைப் பள்ளிகள்

ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனிக்க 1919 இல் தனி அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டு, 1920 இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாக்கப்பட்டது. பெயர் தொழிலாளர் துறை என்றிருப்பினும் அதன் முதன்மைப் பணி குடியிருப்பு மனை, குடிநீர்க் கிணறு, பள்ளி, உதவித்தொகை, விடுதி ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோருக்கு வழங்குவதே. குற்றப் பரம்பரைச் சட்டத்திற்கு உட்படுத்தப்பட்ட பிரமலைக் கள்ளர்களுக்கான பள்ளிகளும் இக்காலத்திலேயே தனித் திட்டமாக உருவாயின. இரு வகைப் பள்ளிகளிலும் யார் சேரலாம் என்பதை அரசு வகுத்த பெயர்ப்பட்டியலே முடிவு செய்தது.

இத்துறையின் பள்ளிகள் பொதுப் பள்ளிகள் கதவடைத்த ஊர்களில் திறக்கப்பட்டன. எழுத்தறிவு பெற வேறு வழியற்றிருந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை பெரும் பேறாக அமைந்தன. அதேவேளையில் ஊரில் பொதுப் பள்ளி இருந்தும் சேரிப் பிள்ளைகளை அங்கே அனுப்பத் தேவையில்லை என்று ஊர்ப் பெரியோர் சொல்வதற்கும் அவை இடமளித்தன. 1920 ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் கல்வி மன்றங்களை ஏற்படுத்தியபோதும், எப்பள்ளி யாரைச் சேர்க்கும் என்பதில் ஊர் வழக்கமே மேலோங்கியிருந்தது. தனிப் பள்ளியால் வரும் உடனடிப் பயனுக்கும் பொதுப் பள்ளியில் நுழையும் உரிமைக்கும் இடையிலான இச்சிக்கல் ராஜாவின் காலத்தில் தீரவில்லை. இந்நிலைமைகளையும் தம் மக்களின் வரலாற்றையும் 1925 இல் ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக எழுதினார். தொழிலாளர் துறைப் பள்ளிகள் விடுதலைக்குப் பின்னர் அரிசன நலப் பள்ளிகள் என்றும், அதன் பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்றும் பெயர் மாறின.

தில்லியிலும் பூனாவிலும்

1927 முதல் 1937 வரை ராஜா மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தை வழிநடத்தினார். சைமன் குழுவுடன் இணைந்து செயற்பட்ட, சர் சி. சங்கரன் நாயர் தலைமையிலான இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். ஆயினும் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு இவர் அழைக்கப்படவில்லை. அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர்.

1932 இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ராஜா ஓர் உடன்பாடு செய்துகொண்டார். தனி வாக்காளர் தொகுதிகளுக்கு மாற்றாக, பொதுத் தொகுதிகளில் ஒதுக்கப்பட்ட இடங்களை இது ஏற்றுக்கொண்டது. அம்பேத்கரின் நிலைக்கு இது முற்றிலும் எதிரானது. ஆகஸ்ட் மாதம் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதிகளை வழங்கியது. காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒப்பமிட்டோருள் ராஜாவும் ஒருவர்.

பூனா ஒப்பந்தம் 148 சட்டமன்ற இடங்களுக்காகவே (சென்னை மாகாணத்திற்கு 30) நினைவுகூரப்படுகிறது. அதன் இறுதிக் கூறு பலராலும் கவனிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையை ஒடுக்கப்பட்டோரின் கல்வி வசதிக்கென ஒதுக்க வேண்டும் என்று அது கூறியது. அரசியல் இடங்களைப் பற்றிய பேரத்தின் முடிவில் பள்ளிக்கூடப் பணமும் இடம்பெற்றது.

பட்டியலும் மதமும்

1935 ஆம் ஆண்டின் சட்டம் பட்டியல் சாதிகள் என்ற புதிய சட்டச் சொல்லை அறிமுகப்படுத்தியது. 1936 ஏப்ரலில் மாகாணவாரியாகச் சாதிப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அவ்வாணை கூறியது. ஒரே தெருவில், ஒரே தொழில் செய்து, ஒரே தீண்டாமைக்கு ஆளான இரு குடும்பங்களுள் ஒன்று பட்டியலுக்கு உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் நின்றன. மிசன் பள்ளியில் படித்து ஆளான ராஜாவிற்கு இத்தகைய குடும்பங்கள் அயலானவை அல்ல.

அதே ஆண்டில், இந்து மதத்தை விட்டு விலகுவதாக அம்பேத்கர் அறிவித்திருந்ததைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்டோர் சீக்கியராக மாறும் திட்டமொன்றை மூஞ்சே ஆதரித்தார். அவ்வாறு மாறுவோரைப் பட்டியலில் சேர்த்து, பூனா ஒப்பந்தத்தின் உரிமைகளைத் தொடர்ந்து வழங்கலாம் என்பது அதன் சாரம். ராஜா இதனைக் கடுமையாக எதிர்த்து, தமக்கும் மூஞ்சேக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தை வெளிப்படுத்தினார். மதம் என்பது மக்களின் விருப்பப்படி அமைய வேண்டுமேயன்றித் தலைவர்களிடையேயான ஏற்பாட்டின்படி அமையக்கூடாது என்பது அவரது நிலைப்பாடு. சீக்கியர்கள் 1956 இலும் பௌத்தர்கள் 1990 இலும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்கள் தொடர்ந்து வெளியே உள்ளனர்.

இறுதி ஆண்டுகள்

1937 ஏப்ரல் முதல் சூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். பின்னர் இராசகோபாலாச்சாரியின் ஆட்சிக் காலத்தில் சட்டமன்ற உறுப்பினராகத் தொடர்ந்தார். 1938 இல் பொது இடங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு இருந்த தடைகளை நீக்கும் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. மாகாணம் முழுமைக்குமான கோவில் நுழைவுச் சட்டமுன்வரைவை அதையடுத்து அவர் கொண்டுவந்தபோது, அரசு அதனை ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இந்த ஏமாற்றம் ராஜாவின் அரசியலைத் திருப்பியது. பூனா ஒப்பந்தத்தை நம்பிக் கையெழுத்திட்டவர், அதன் பயனைக் குறித்து ஐயம் கொள்ளத் தொடங்கினார். பத்தாண்டுகளாக எதிரெதிர் அணிகளில் நின்ற அம்பேத்கரும் அவரும் 1942 மார்ச்சு இறுதியில் கிரிப்சு தூதுக்குழுவை ஒன்றாகச் சென்று சந்தித்தனர். மறு ஆண்டு ஆகஸ்ட் மாதம் ராஜா காலமானார்.

பெயரின் பிற்கால வரலாறு

ராஜா நீக்க விரும்பிய பெயரும் அவர் சூட்டிய பெயரும் இன்று சட்டப் பட்டியல்களில் அருகருகே உள்ளன. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் ஆதிதிராவிடர் ஒரு பதிவாகவும் பறையன் மற்றொரு பதிவாகவும் இடம்பெற்றுள்ளன. ஆதி ஆந்திரர் என்ற பெயர் 2009 ஆம் ஆண்டின் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி ஆகியவற்றுடன் ஏழு பெயர்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மாநிலங்கள் இவ்வாறு பட்டியலுக்குள் பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு 1922 ஆம் ஆண்டின் ஆணையோ தொழிலாளர் துறைப் பள்ளிகளோ சென்று சேரவில்லை. அங்கு 1962 இல் சட்டப்படியான இணைப்பு முடிந்த பின்னர், 1964 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஆணை தனிப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்த பதினைந்து பதிவுகளுள் முதலிரண்டும் ராஜாவின் பெயர்களே: ஆதி ஆந்திரர், ஆதிதிராவிடர். பின்னால் பறையன், சாம்பவர் என்பதும் உள்ளது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் உதவித்தொகை விண்ணப்பங்கள் இப்பட்டியலைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன. கடற்கரையில் உள்ள வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களின் மக்கள் இதில் இடம்பெறவில்லை. அவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான பட்டியலின்கீழ் வருகின்றனர். புதுச்சேரியில் வசிப்போர் என்று 1964 ஆணையில் உள்ள சொல், தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த அதே சாதியினரின் பிள்ளைகள் இங்குச் சலுகை பெறலாமா என்ற வழக்குகளுக்குக் காரணமாகி, உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சென்னை சைதாப்பேட்டையில் உள்ள கல்லூரி மாணவர் விடுதி ராஜாவின் பெயரைத் தாங்கியுள்ளது. 2025 சூலையில் தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் எனப் பிரிவின் பெயரால் அழைக்கப்பட்டுவந்த மாணவர் விடுதிகள் அனைத்தும் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என அறிவித்தது. சேர்க்கைத் தகுதிக்கான விதிகளும் சாதிப் பட்டியல்களும் மாற்றப்படவில்லை.